கூண்டின் அடியில் இறகு, தலையில் முள்: பட்ஜிகளின் மோல்டிங் காலம்

காலையில் கூண்டை மூடியிருந்த துணியை விலக்கினால் தட்டு முழுக்க இறகு. நேற்று மாலை வரை வழவழவென்று இருந்த பறவை, இன்று தையல் பிரிந்த தலையணை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பேச்சு குறைந்துவிட்டது. விரலை நீட்டினால் முறைக்கிறது. பாதி நேரம் தூக்கம். பட்ஜி வளர்க்கத் தொடங்கிய முதல் வருடம் இதைப் பார்த்து, டார்ச்சை எடுத்துக்கொண்டு கூண்டின் மூலை முடுக்கெல்லாம் பேன் தேடியிருக்கிறேன். பேனும் இல்லை, நோயும் இல்லை. பழைய இறகு போய்ப் புது இறகு வருகிறது, அவ்வளவுதான். இதற்குத்தான் மோல்டிங் என்று பெயர்.

அவ்வளவுதான் என்று நமக்குச் சொல்லிவிடலாம். பறவைக்கு அது பெரிய வேலை. தட்டில் கிடக்கும் இறகைப் பார்த்துத்தான் நாம் பயப்படுகிறோம். ஆனால் உதிர்வதற்குப் பறவை எதையும் செலவழிப்பதில்லை, செலவெல்லாம் முளைப்பதில். நாம் செய்யக்கூடிய உதவியும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

பெயர்க் குழப்பம் ஒன்றை முதலில் தீர்த்துவிடலாம். 'லவ் பேர்ட்ஸ்' என்று நாம் பரவலாகச் சொல்லும் சின்னக் கிளி பெரும்பாலும் பட்ஜிதான். அசல் லவ் பேர்ட் ஆப்பிரிக்கப் பக்கத்து இனம். வால் குட்டை, உடம்பு தடிமன். பட்ஜியின் சொந்த மண் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலம். ஜான் கூல்டு என்ற பறவையியலாளர் 1840-ல் அவற்றை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார், அதன்பிறகு உலகம் முழுக்கக் கூண்டுப் பறவையாகிவிட்டது. இந்தப் பழைய கதை மோல்டிங்கைப் புரிந்துகொள்ளவும் உதவும்.

வளர்ந்து முடிந்த இறகில் உயிர் கிடையாது. நம் நகத்தைப் போல அதுவும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. நரம்பும் ரத்தமும் அதற்குள் ஓடுவதில்லை. பறவை அலகால் கோதும்போது, கலைந்த இழைகள் கொக்கி மாட்டியதுபோல மறுபடி சேர்ந்துகொள்ளும். ஆனால் தேய்ந்த ஓரம் தேய்ந்ததுதான், ஒடிந்தது ஒடிந்ததுதான். கூண்டுக் கம்பியில் உரசி, வெயிலில் வெளுத்து, தினமும் சிறகடித்து நைந்துபோன இறகைச் சரிசெய்ய ஒரே வழி, அதைக் கழற்றிப் போட்டுவிட்டு அதே குழியில் இன்னொன்றை வளர்ப்பது.

அதற்கு எவ்வளவு பொருள் வேண்டும் என்று பாருங்கள். பறவைகளின் மொத்த இறகுகளையும் சேர்த்து எடைபோட்டால், பொதுவாக அவற்றின் எலும்புக்கூட்டைவிட அதிகம் இருக்கும். இறகில் சுமார் 90 சதவீதம் புரதம். வீட்டில் வளரும் பட்ஜி முழுதாகவே 30 முதல் 40 கிராம்தான். அந்தச் சின்ன உடம்பு தன் உடையைச் சில வாரங்களில் திரும்ப நெய்துகொள்ள வேண்டும். நெய்கிற நாட்களில் குளிர் காக்கும் போர்வையிலும் ஓட்டை. பறவையின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸுக்கு மேல். அதைக் காப்பாற்றவும் தீனியிலிருந்துதான் சக்தி வர வேண்டும். தூங்கி வழிவதும் எரிந்து விழுவதும் இதனால்தான்.

முதல் மோல்டிங் சுமார் மூன்று நான்கு மாத வயதில் வரும். குஞ்சுக்கு நெற்றியில், அலகுக்கு மேலே மூக்குத் துளைகள் இருக்கும் பகுதி வரை இறங்கிவரும் கறுப்பு வரிகள் உண்டு. முதல் சுற்றில் அந்த வரிகள் பின்வாங்கி, நெற்றி மஞ்சளாகவோ வெள்ளையாகவோ தெளிந்துவிடும். ஒரு சில நிற வகைகளில் இது அவ்வளவு தெளிவாகத் தெரியாது. அப்புறம் வருடத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ பெரிய உதிர்வு, நடுநடுவே சில்லறை உதிர்வு. கனமாகக் கொட்டுவது இரண்டு மூன்று வாரம். எல்லாம் முளைத்து அடங்க ஆறு எட்டு வாரம் ஆகலாம். சிறகிலும் வாலிலும் இருக்கும் பெரிய இறகுகள் இன்னும் நிதானமாக மாறும்.

அதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. சிறகின் பெரிய இறகுகள் கிளி இனத்தில் நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமாகவும் மாறிக்கொண்டு போகும். வலச் சிறகில் ஒன்று விழுந்தால், ஓரிரு நாள் முன்பின்னாக இடச் சிறகிலும் அதற்கு இணையானது விழும். அப்படி இருந்தால்தான் சமநிலை கெடாமல் பறக்க முடியும். தண்ணீரையும் புல்விதையையும் தேடி வறண்ட நிலத்தில் கூட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும் பறவை, ஒரு நாள்கூடப் பறக்காமல் இருக்க முடியாது. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மூலையில் உட்கார்வது அதன் பிழைப்புக்கு ஒத்துவராது. மோல்டிங்கில் இருக்கும் பட்ஜி கொஞ்சம் தடுமாறலாம், ஆனால் பறக்கும். மொட்டையும் ஆகாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எது நோய், எது மோல்டிங் என்று பிரிக்கும் இடத்தில் இதுதான் உதவும்.

எப்போது உதிர வேண்டும் என்பதை உடம்பு பெரும்பாலும் வெளிச்சத்தை வைத்து முடிவு செய்கிறது. பகல் நீள்வதும் குறுகுவதும் மூளைக்குப் போய், அங்கிருந்து ஹார்மோன்களாக இறங்குகிறது. இதில் தைராய்டுக்குப் பெரிய பங்கு உண்டு. முட்டையிடும் காலம் முடிந்தபின் உதிர்வு தொடங்குவதும் வழக்கம். இரண்டும் செலவு பிடித்த வேலைகள் என்பதால் உடம்பு ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததை எடுக்கும். வீட்டுக்குள் வளரும் பறவைக்கு இந்தக் கணக்கெல்லாம் குழம்பிவிடுகிறது. கூடத்தில் இரவு பதினொரு மணி வரை விளக்கும் டிவியும் ஓடினால் அதற்கு எப்போதும் நீண்ட பகல்தான். 'எங்க வீட்டுப் பறவைக்கு வருஷம் பூரா கொட்டுது' என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, கூண்டு எந்த அறையில் இருக்கிறது என்பதைத்தான். இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் கொடுத்துப் பாருங்கள். பல வீடுகளில் அதுவே போதும்.

பழைய இறகு விழுந்து சில நாட்களில் அந்த இடத்தில் முள் கிளம்பும். தலையிலும் கழுத்திலும் நன்றாகத் தெரியும்: வெள்ளை வெள்ளையாக, பென்சில் முனை அளவில், முள்ளம்பன்றிக் குட்டி போல. ஒவ்வொரு முள்ளும் ஒரு மெல்லிய கெரட்டின் உறை. அதற்குள் புது இறகு பாய் மாதிரி சுருட்டிவைக்கப்பட்டிருக்கிறது. வளரும் காலத்தில் அதன் அடிப்பாகத்தில் ரத்தம் ஓடும், தொட்டால் வலிக்கும். வளர வளர ரத்தம் கீழே இறங்கி வற்றிவிடும், உறை காய்ந்து வெள்ளைப் பொடியாக உதிரும், இறகு விரியும். கூண்டைச் சுற்றிப் பொடுகு போலக் கிடக்கும் தூசியில் பெரும்பங்கு அந்த உறைதான். தும்மல், ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வாரங்களில் தட்டை ஈரத்துணியால் துடைப்பது நல்லது. துடைப்பத்தால் பெருக்கினால் எல்லாம் மேலே பறக்கும்.

உடம்பில் இருக்கும் உறைகளைப் பறவையே அலகால் நெருடி உடைத்துக்கொள்ளும். தலைக்கு அலகு எட்டாது. ஜோடி இருந்தால் அது செய்துவிடும். ஒன்று தலையைக் குனிந்து கொடுக்க, மற்றது ஒவ்வொரு முள்ளாகப் பொறுமையாக நெருடுவதைப் பார்த்தால் நேரம் போவது தெரியாது. தனியாக வளரும் பறவை குச்சியிலும் கம்பியிலும் தலையைத் தேய்க்கும். பட்டை உரிக்காத, சொரசொரப்பான இயற்கைக் கிளை ஒன்றை உள்ளே வைத்தால் அதற்கு வசதி. கையில் பழகிய பறவை தானே தலையைக் குனிந்து காட்டினால், முழுக்க வெளுத்துக் காய்ந்த உறைகளை மட்டும் நகத்தால் மெதுவாக நசுக்கிவிடலாம். அடியில் கருநீலமோ சிவப்போ தெரிந்தால் அது இன்னும் உயிருள்ள முள், கை வைக்காதீர்கள். பிடிக்காத பறவையைப் பிடித்து வைத்துக்கொண்டு இதைச் செய்யவே வேண்டாம்.

இனி தீனி. தினை வகைகளை மட்டும் போட்டு வளர்க்கும் பறவைக்கு மோல்டிங்தான் பரீட்சை. தினையில் 100 கிராமுக்குப் புரதம் 12 கிராம் அளவில்தான் இருக்கும், அதிலும் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. இறகு நெய்ய, கந்தகம் உள்ள அமினோ அமிலங்களும் நிறைய வேண்டும். புரதம் மட்டும் போதாது. தானியத்தில் வைட்டமின் ஏ ஏறக்குறைய இல்லை, கால்சியம் குறைவு, அயோடினும் குறைவு. அயோடின் இல்லாமல் வெறும் தானியத்தில் வாழ்ந்த பட்ஜிகளுக்குத் தைராய்டு வீங்குவது கால்நடை மருத்துவர்கள் வெகுகாலமாகப் பார்த்துவரும் விஷயம். உதிர்வை நடத்தும் சுரப்பியே நோய்வாய்ப்பட்டால் உதிர்வு எப்படி ஒழுங்காக நடக்கும்?

நான் கொடுப்பது சாதாரணமானது. கெட்டியாக வேகவைத்த முட்டையை மசித்து, ஒரு பறவைக்கு அரை டீஸ்பூனுக்கும் குறைவாக, ஒரு நாள் விட்டு ஒரு நாள். உப்பு, எண்ணெய் எதுவும் சேர்ப்பதில்லை. முட்டை சீக்கிரம் கெடும், அதனால் இரண்டு மணி நேரத்தில் கிண்ணத்தை எடுத்துவிட வேண்டும். முதல் நாள் பல பட்ஜிகள் அதைப் பார்த்துவிட்டு ஓடும். மேலே கொஞ்சம் தினையைத் தூவிவைத்தால் தானியத்தைத் தேடி அலகை விட்டு, தெரியாமலேயே ருசி பார்த்துவிடும். துருவிய கேரட், ப்ரோக்கோலி, கொத்தமல்லித் தழை ஆகியவை வைட்டமின் ஏ-வுக்கு. முளைகட்டிய தானியமும் நல்லது, ஆனால் புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். கால்சியத்துக்குக் கணவாய் ஓடு ஒன்று கூண்டில் எப்போதும் தொங்கட்டும். ஏற்கெனவே பெல்லட் தீனிக்கு, அதாவது சத்துகளைக் கலந்து சிறு உருண்டைகளாக விற்கும் தீனிக்கு, பழகிய பறவைக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. ஆனால் மோல்டிங் நடக்கும்போது தானியத்திலிருந்து பெல்லட்டுக்கு மாற்ற முயலாதீர்கள். பட்டினி கிடக்க இது நேரமில்லை.

ஜோடியாக வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சத்தான தீனி திடீரென்று கூடினால் பட்ஜியின் உடம்பு அதை 'மழை பெய்துவிட்டது, குஞ்சு பொரிக்கலாம்' என்று படித்துக்கொள்ளும். காட்டில் மழைக்குப் பின் புல் விதைக்கும்போது இனப்பெருக்கத்தில் இறங்கும் பறவை அல்லவா. முட்டையிடும் பெட்டி கூண்டில் இருந்தால் எடுத்துவிடுங்கள். பாதி முளைத்த இறகோடு முட்டையும் இடுகிற பெண் பறவை ரொம்பவே தளர்ந்துவிடும்.

தண்ணீரில் கலக்கும் மோல்டிங் டானிக் பாட்டில்கள் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. பட்ஜி குடிக்கும் தண்ணீர் மிகக் கொஞ்சம், அதனால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று கணக்கே கிடையாது. இனிப்பும் வைட்டமினும் கலந்த தண்ணீரில் கிருமி சீக்கிரம் பெருகும். சுவை பிடிக்காமல் தண்ணீரையே ஒதுக்கும் பறவைகளும் உண்டு. மருத்துவர் பார்த்துக் குறையிருக்கிறது என்று சொன்னால் அது வேறு விஷயம்.

இதே கணக்கில் நிறம் கூட்டும் தீனியையும் சேர்த்துக்கொள்ளலாம். கேனரி என்ற பாடும் கூண்டுப் பறவைக்குத் தீனியில் கரோட்டினாய்டு என்ற நிறமியைச் சேர்த்தால் புது இறகு சிவக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பட்ஜிக்கும் வாங்கிப் போடுகிறார்கள். பட்ஜியின் மஞ்சள் தீனியிலிருந்து வருவதே இல்லை. சிட்டகோஃபுல்வின் என்ற நிறமியைக் கிளி இனங்கள் தங்கள் உடம்பிலேயே தயாரிக்கின்றன. நீலத்துக்கோ நிறமியே கிடையாது, இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வரும் தோற்றம் அது. இரண்டும் சேர்ந்தால் பச்சை. 2017-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, மஞ்சளைத் தயாரிக்கும் மரபணுவில் ஒரே ஒரு மாற்றம் வந்ததால் அந்த நிறமி நின்றுபோய் நீலப் பட்ஜிகள் உருவானதைக் காட்டியது. ஆகவே எந்தப் பாக்கெட்டைப் பிரித்துப் போட்டாலும் நீலப் பறவை பச்சையாகாது. மோல்டிங் முடிந்து நிறம் பளிச்சென்று தெரிவதற்குக் காரணம் இறகு புதுசு என்பது மட்டுமே.

குளியல் இந்த நாட்களில் பெரிய உபகாரம். ஈரம் பட்டால் உறை இளகும், அரிப்பு குறையும். அகலமான தட்டில் ஒரு விரல் கனத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர் வைக்கலாம், அல்லது மேலிருந்து தூறல்போல விழும்படி தெளிக்கலாம். முகத்துக்கு நேராக அடித்தால் அடுத்த முறை பாட்டிலைப் பார்த்ததுமே பறந்துவிடும். இரண்டுக்கும் மசியாத பறவைக்கு, கழுவிய கீரையையோ கொத்தமல்லியையோ தண்ணீர் சொட்டச் சொட்ட மாட்டிவையுங்கள். அந்த இலைகளுக்குள் புகுந்து புரண்டு தானே நனைந்துகொள்ளும். சோப்பு எதுவும் கூடாது. பகலில் குளித்தால்தான் இருட்டுவதற்குள் காயும். ஃபேன் காற்றும் ஏசி காற்றும் நேராகப் படாத இடம் போதும், வேறு சூடு ஏற்பாடு ஆரோக்கியமான பறவைக்குத் தேவையில்லை.

சரி, பயப்பட வேண்டிய விஷயத்துக்கு வருவோம். சிறகிலும் வாலிலும் வளர்ந்துகொண்டிருக்கும் பெரிய முள் உடைந்தால் அது திறந்துவிட்ட குழாய் மாதிரி. இரவில் ஏதோ சத்தத்துக்கு மிரண்டு கூண்டுக்குள் முட்டி மோதும்போதுதான் இது அதிகம் நடக்கும். எங்கள் வீட்டில் ஒரு முறை நள்ளிரவில் சமையலறையில் ஒரு தட்டு விழுந்தது. படபடவென்று சத்தம், அப்புறம் அமைதி. நானும் புரண்டு படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் கம்பியெல்லாம் ரத்தத் தெறிப்பு, பறவை ஒரு பக்கச் சிறகைத் தொங்கவிட்டுக்கொண்டு மூலையில். பிழைத்துக்கொண்டது, ஆனால் அன்றிலிருந்து மோல்டிங் காலத்தில் கூண்டுக்குப் பக்கத்தில் மங்கலான ஒரு இரவு விளக்கு எரிகிறது. சத்தம் கேட்டால் எழுந்தும் பார்க்கிறேன்.

35 கிராம் பறவையின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தம் சுமார் மூன்றரை மில்லி, ஒரு டீஸ்பூன்கூட இல்லை. ஏழெட்டுச் சொட்டுப் போனால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். ரத்தம் வடிவதைப் பார்த்தால் பறவையை மெல்லிய துணியில் சுற்றிப் பிடித்து, உடைந்த முனையில் சோள மாவை (கார்ன்ஃப்ளார்) அப்பி, சில நிமிடம் விரலால் அழுத்திப் பிடியுங்கள். நெஞ்சை மட்டும் அழுத்திவிடாதீர்கள். பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது; நெஞ்சு விரிந்து சுருங்கினால்தான் அதற்கு மூச்சு. உடைந்த முள்ளைப் பிடுங்கிவிட வேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். ரத்தம் நின்றுவிட்டால் அதைத் தொடத் தேவையில்லை. பிடுங்குவது கடுமையான வலி, குழி சேதமானால் அங்கே இனி ஒழுங்காக இறகு வராமலும் போகலாம். நிற்காவிட்டால் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

சிறகு வெட்டிய பறவைகளுக்கு இந்த ஆபத்து கூடுதல். புது முள் முளைக்கும்போது இரண்டு பக்கமும் முழு இறகுகள் அரணாக நிற்கும். வெட்டிய சிறகில் அந்த அரண் இல்லாமல் முள் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும், எதில் இடித்தாலும் முதலில் அடிபடுவது அதுதான்.

எப்போது இது மோல்டிங் இல்லை? தோல் தெரியும்படி மொட்டைத் திட்டு விழுந்தால். மாதக்கணக்கில் உதிர்ந்தும் புது முள் வராவிட்டால். வரும் இறகு முறுக்கியோ நசுங்கியோ, உறைக்குள் ரத்தம் உறைந்தோ வந்தால். தலை மட்டும் ஒழுங்காக இருந்து உடம்பு மொட்டையானால் பறவை தானே பிடுங்கிக்கொள்கிறது. தலை மட்டும் மொட்டையானால் கூட இருப்பது பிடுங்கியிருக்கலாம். அலகைச் சுற்றியும் காலிலும் தேன்கூடு போலச் சொரசொரப்பான படிவு தெரிந்தால் அது கண்ணுக்குத் தெரியாத உண்ணியின் வேலை, மருந்தில் குணமாகும். கூட்டை விட்டு வெளிவரும் வயதிலேயே சிறகு, வால் இறகுகள் கொட்டிப்போய்ப் பறக்க முடியாமல் ஓடித் திரியும் குஞ்சுகளைப் பார்க்கிறோமே, அதற்கு 'பிரெஞ்சு மோல்ட்' என்று பெயர். பெயரில்தான் மோல்ட்; பெரும்பாலும் அது பாலியோமா வைரஸ் அல்லது சர்க்கோ வைரஸ். பரவக்கூடியது, அதனால் அந்தக் குஞ்சை மற்றவற்றோடு விடக்கூடாது.

மோல்டிங்கின் சாக்கில் வேறு நோய் மறைந்துகொள்வது இன்னொரு தொல்லை. உப்பிக்கொண்டு தூங்குவது மோல்டிங்கிலும் உண்டு, நோயிலும் உண்டு. பட்ஜி தன் பலவீனத்தைக் காட்டிக்கொள்ளாத பறவை வேறு. அதனால் நான் கண்ணை நம்புவதில்லை, சமையலறைத் தராசைத்தான் நம்புகிறேன். ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசின் மேல் ஒரு குச்சியை நிறுத்தி, தினமும் காலையில் தீனிக்கு முன்னால் எடை பார்த்து எழுதிவைப்பேன். மோல்டிங்கில் ஒரு கிராம் முன்பின் ஆகும். 35 கிராம் பறவை 32-க்கு வந்தால் காத்திருக்கக் கூடாது. கூண்டின் தரையிலேயே உட்கார்ந்திருப்பது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது, தீனியைக் கொறிப்பதுபோல் பாவனை செய்து உமி உடைக்காமலே இருப்பது, எச்சம் தண்ணீராகப் போவது, இவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். 'இறகு கொட்டுற நேரம், சரியாகிடும்' என்று விட்ட பறவைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

விழுந்த வால் இறகு ஒன்றை அடுத்த முறை குப்பையில் போடாமல் எடுத்துப் பாருங்கள். ஜன்னல் பக்கம் பிடித்து, வெளிச்சம் வழுக்கிப் போகும்படி மெல்லச் சாய்த்தால், குறுக்காக மங்கல் மங்கலாகப் பட்டைகள் தெரியும்: ஒன்று சற்றுக் கருமை, ஒன்று வெளிர். ஒரு கருமையும் ஒரு வெளிரும் சேர்ந்தால் ஒரு நாள் வளர்ச்சி. தாமஸ் கிரப் என்ற ஆய்வாளர் 1989-ல் இதை ஒரு முறையாகவே வகுத்தார். பட்டைகளின் அகலத்தை அளந்து, அந்த இறகு வளர்ந்த நாட்களில் பறவைக்கு எவ்வளவு ஊட்டம் கிடைத்தது என்று கணிப்பது. பட்டைகளுக்கு நடுவே கண்ணாடி போல மெலிந்த கோடு குறுக்கே ஓடினால் அன்று ஏதோ நேர்ந்திருக்கிறது: பட்டினி, காய்ச்சல், பயம், ஏதோ ஒன்று. இறகு பின்னால் ஒடிவதும் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான். தட்டு விழுந்த அந்த இரவுக்கு அடுத்த வருடம் கழன்ற வால் இறகில் நடுவுக்குச் சற்றுக் கீழே அப்படி ஒரு கோடு இருந்தது. அந்த இரவில்தான் விழுந்ததா என்று சத்தியம் செய்ய மாட்டேன். கோட்டுக்கு மேலும் கீழும் பட்டைகள் ஒரே அகலத்தில் இருந்தன.